வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தா போரடிக்குதா? தாயக்கட்டை முதல் செல்போன் டூர் வரை... 14 நாளை ஓட்ட சூப்பர் வழிகள்!

உத்தனப்பள்ளி:

அம்மை போட்டாலும் சரி, தொற்றும் காய்ச்சல் வந்தாலும் சரி, டாக்டர் முதலில் சொல்வது 'கொஞ்ச நாளைக்கு வெளியே போகாதீங்க' என்பதுதான். மாத்திரையை தண்ணீர் ஊற்றி விழுங்கி விடலாம். பொழுதை விழுங்குவதுதான் பெரும்பாடு.

அதிலும் ஓசூர், சூளகிரி, உத்தனப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் இந்த கஷ்டம் இரட்டிப்பு. கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் பலர் ஒரு ரூம் கொண்ட லைன் வீடுகளில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கல்யாணம் ஆகாத வாலிபர்கள் நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்து தங்குகிறார்கள். ஷிப்டு மாற்றி ஷிப்டு தூங்கியே பழகிய ரூமில், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து இருந்தால் என்ன ஆகும்? முதல் நாள் ஜாலி. மூணாம் நாள் சண்டை.

வெளிநாட்டில் மியூசியம் பார்ப்பது, ஆன்லைனில் பார்ட்டி வைப்பது என்று டிப்ஸ் எக்கச்சக்கம் உண்டு. பத்துக்கு பத்து ரூமில், ஒரே ஒரு செல்போனை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் நம்மூர் கேள்வி. அதற்கு கொரோனா காலமே நல்ல பாடம் சொல்லி கொடுத்து இருக்கிறது.

பூட்டிய எல்லை

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி மாலை 6 மணிக்கு தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று இரவே, நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் மோடி அறிவித்தார். ஜூஜூவாடி பக்கம் தமிழக போலீஸ், அத்திப்பள்ளி பக்கம் கர்நாடக போலீஸ். தினமும் எல்லையை தாண்டி வேலைக்கு போய் வந்த தொழிலாளர்கள் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மாட்டிக்கொண்டனர்.

மே 1-ந்தேதி வெளியான மத்திய சுகாதாரத்துறை பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரிதான். அந்த பெருமை நீடிக்கவில்லை. மே மாதமே இங்கும் தொற்று வந்து விட்டது. அடுத்த ஆண்டு 2-வது அலை வந்து, 2021 மே 24-ந்தேதி முதல் தளர்வு இல்லாத முழு ஊரடங்கும் வந்தது.

தனிமைப்படுத்துவது புதுசு அல்ல. ஐரோப்பாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில், கப்பலில் வந்தவர்களை 40 நாள் கரைக்கு விடாமல் நிறுத்தி வைத்தார்கள். இத்தாலி மொழியில் 40 என்ற சொல்லில் இருந்துதான் 'குவாரண்டைன்' என்ற வார்த்தையே பிறந்தது. பக்கத்து பெங்களூரில் 1898-ம் ஆண்டு பிளேக் பரவியபோது மக்கள் ஊரை விட்டு வெளியேறி கொட்டகைகளில் தங்கினர். பிளேக் மாரியம்மன் கோவில்கள் அந்த காலத்தின் நினைவாக அங்கே இன்றும் இருக்கின்றன.

டிரோனிடம் சிக்கிய கேரம் பசங்க

ஊரடங்கில் போரடித்ததும் ஆண்கள் செய்த முதல் வேலை, மரத்தடியில் கூடி கேரம் விளையாடியதுதான். 2020 ஏப்ரலில் திருப்பூர் போலீசார் டிரோன் கேமராவை பறக்க விட்டனர். திறந்தவெளியில் கேரம் ஆடிக்கொண்டு இருந்தவர்கள் தலைக்கு மேல் டிரோனை பார்த்ததும் தலைதெறிக்க ஓடினர். கேரம் போர்டையே கேடயம் போல பிடித்து முகத்தை மறைத்தபடி ஓடிய காட்சி நாடு முழுவதும் வைரலானது. சிரிக்காதவர்கள் இல்லை.

ஆனால் சிரிக்க முடியாத சம்பவமும் நடந்தது. தெலுங்கானா மாநிலம் சூர்யாபேட்டையில் ஒரு பெண், அக்கம் பக்கத்தினரோடு 'அஷ்டா சம்மா' ஆடியதில் 31 பேருக்கு கொரோனா பரவியதாக அதிகாரிகள் கூறினர். ஆந்திராவில் விஜயவாடாவில் லாரி டிரைவர் ஒருவர் பொழுது போகாமல் சீட்டு ஆட, அதில் 24 பேருக்கு தொற்று பரவியதாக அந்த மாவட்ட கலெக்டர் அப்போது தெரிவித்தார்.

விளையாட்டில் தப்பு இல்லை. யாரோடு விளையாடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எனவே இதை இரண்டாக பிரித்து பார்க்க வேண்டும்.

முதலாவது, குடும்பமே மொத்தமாக வீட்டுக்குள் இருப்பது. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை என்றால், அந்த வீட்டு ஆட்கள் மட்டும் சேர்ந்து எதையும் ஆடலாம். பக்கத்து வீட்டுக்காரர், நண்பர் என்று யாரையும் சேர்க்க கூடாது.

இரண்டாவது, வீட்டில் ஒருவருக்கு நோய் வந்து அவரை மட்டும் தனியாக வைப்பது. அப்போது ஒரே தாயக்கட்டை, ஒரே சீட்டு கட்டை எல்லோரும் தொடக்கூடாது. கிட்டே உட்காரவும் கூடாது. சின்னம்மை காற்றிலேயே பரவும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்கு கட்டும் வரை மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்த பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஒரே ஆட்டம், மூணு பேர்

உத்தனப்பள்ளி பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூணு மொழியும் காதில் விழும். விளையாட்டும் அப்படித்தான். நம்ம பல்லாங்குழிக்கு கன்னடத்தில் 'அளிகுளி மனை', தெலுங்கில் 'வாமன குண்டலு' என்று பெயர். தாயக்கட்டம் போலவே சோழி உருட்டி ஆடுவதை கன்னடத்தில் 'சவுக்கா பாரா' என்றும், தெலுங்கில் 'அஷ்டா சம்மா' என்றும் சொல்வார்கள். பக்கத்து ரூம்காரரும் நம்மவரும் வேற வேற பாஷை பேசினாலும் ஆட்டம் புரியும்.

இதற்கு எல்லாம் பத்து பைசா செலவு இல்லை. ஒரு சாக்பீஸ், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும்.

பல்லாங்குழி: இந்தப்பக்கம் 7 குழி, அந்தப்பக்கம் 7 குழி. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. ஒரு குழியில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாக போட்டு வர வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால், அதற்கு அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. அத்தோடு எதிராளிக்கு வாய்ப்பு. இடையில் ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு'. அந்த குழி யார் பக்கம் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். பலகை இல்லாவிட்டால் தரையில் 14 வட்டம் போட்டால் போதும். சின்ன பிள்ளைகளுக்கு கணக்கு தானாக வரும்.

தாயம்: இரண்டு பித்தளை கட்டையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். கட்டை இல்லையா? நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்படி தரையில் தேய்த்தால் அதுவே தாயக்கட்டை. ஊருக்கு ஊர் விதி மாறும். எனவே ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்து கொண்டால் பஞ்சாயத்து வராது.

ஆடு புலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு. கோடுகள் வெட்டும் இடம் 23. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைப்பார். புலி ஆட்டை தாண்டி குதித்தால் அந்த ஆடு காலி. மூணு புலியும் நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. புலிக்கு பலம் அதிகம், ஆட்டுக்கு எண்ணிக்கை அதிகம். பாய்ந்து பாய்ந்து ஆடுகிற புலிக்காரர் கடைசியில் மூலையில் மாட்டிக்கொள்வதை பார்ப்பதே தனி சுகம்.

இந்த ஆட்டத்தை நோயாளியும் ஆடலாம். எப்படி தெரியுமா? இரண்டு பேரும் அவரவர் தாளில் ஒரே மாதிரி கட்டம் வரைந்து, 23 இடத்துக்கும் ஒரே வரிசையில் நம்பர் போட்டுக்கொள்ள வேண்டும். 'என் புலி 4-ல் இருந்து 9-க்கு போகுது' என்று போனிலோ, கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தோ சத்தமாக சொன்னால் போதும். இருவரும் அவரவர் தாளில் காயை நகர்த்திக்கொள்ளலாம். யாரும் யாரையும் தொட வேண்டியது இல்லை. ஊரில் இருக்கும் தாத்தாவோடு கூட போனில் ஆடலாம்.

அதேபோல விடுகதை, பாட்டுக்கு பாட்டு ஆகியவற்றுக்கும் குரல் மட்டும் இருந்தால் போதும்.

லூடோ சூதாட்டம் ஆகாமல்...

2020 ஊரடங்கில் செல்போனில் சக்கைப்போடு போட்டது 'லூடோ கிங்'. நவி மும்பையில் உள்ள கம்பெனி 2016-ல் வெளியிட்ட கேம் இது. லூடோ என்றதும் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு 'பச்சீசி' ஆட்டத்தை பார்த்துத்தான் 1896-ல் இங்கிலாந்தில் லூடோவுக்கு காப்புரிமை வாங்கினார்கள். நம்ம பரமபத படமும் அதே மாதிரி கப்பலேறி போய்த்தான் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது.

சும்மா ஆடும் வரை பிரச்சினை இல்லை. காசு வைத்து ஆடினால்தான் வினை. ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பலர், ஆன்லைன் ரம்மியில் 100 ரூபாய் போட்டால் 1,000 வரும் என்று நம்பி இறங்கினர். முதலில் கொஞ்சம் ஜெயித்தார்கள். பிறகு சம்பளம் போனது, நகை போனது, கடன் ஏறியது. தமிழகத்தில் பலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

2020 நவம்பரில் தமிழக அரசு தடை அவசர சட்டம் கொண்டு வந்தது. அதை தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பின்னர் நீதிபதி சந்துரு குழு அறிக்கை, புதிய சட்ட மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பியது, மீண்டும் சட்டசபையில் நிறைவேற்றியது என்று இழுபறி நடந்து, 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மி திறமைக்கான ஆட்டம், அதற்கு அந்த தடை பொருந்தாது என்று ஐகோர்ட்டு தீர்ப்பு கூறியது. கடைசியில் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை பாராளுமன்றம் நிறைவேற்றியது.

எனவே வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில், 'ஆடி சம்பாதிக்கலாம்' என்று லிங்க் வந்தால் தொடவே தொடாதீர்கள். 'ஆதார் மட்டும் போதும், 5 நிமிஷத்தில் கடன்' என்று வரும் ஆப்களும் அதே ரகம்தான். இவை குறித்து 2020 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விடுத்தது.

உட்கார்ந்த இடத்தில் டூர்

கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் காசு செலவில்லாமல் ஊர் சுற்றலாம்.

சாமி தரிசனம்: 2020 மே 4-ந்தேதி மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. பட்டர்கள் நடத்தி வைக்க, ஆன்லைனில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். வீட்டில் டி.வி., செல்போன் முன்பு அமர்ந்தபடியே பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டனர். நம்ம ஏரியா மக்கள் அடிக்கடி போகும் திருப்பதியிலும் மார்ச் 20 முதல் ஜூன் முதல் வாரம் வரை தரிசனம் நிறுத்தப்பட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு தேவஸ்தான டி.வி.தான் துணை.

புலி, சிங்கம்: வண்டலூர் உயிரியல் பூங்கா மூடப்பட்டு இருந்தபோது, விலங்குகளை நேரலையில் காட்டும் பூங்காவின் ஆன்லைன் வசதியை மக்கள் விரும்பி பார்த்தனர். அதே நேரத்தில் கூகுளில் 'டைகர்' என்று தேடினால் வரும் முப்பரிமாண புலியை, கேமரா வழியாக வீட்டு ஹாலில் நிற்க வைத்து போட்டோ எடுப்பது பிள்ளைகளிடம் பெரிய கிரேஸ் ஆனது. புலி பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து இருக்கும் போட்டோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் பறந்தன.

தாஜ்மகால்: கூகுள் மேப்பில் 'ஸ்ட்ரீட் வியூ' போனால் தாஜ்மகால் வாசலில் நடந்து போவது போலவே பார்க்கலாம். விரலால் தள்ளினால் முன்னே போகும். வெளிநாட்டு மியூசியங்களில் உள்ள ஓவியங்களை 'கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்' ஆப்பில் கிட்டப்போய் பார்க்கலாம். ஊரடங்கில் அமெரிக்காவின் கெட்டி மியூசியம், 'வீட்டில் உள்ள பொருட்களை வைத்து பழைய ஓவியம் போலவே போஸ் கொடுங்கள்' என்று சவால் விட்டது. உலகம் முழுக்க மக்கள் போர்வை, கரண்டி, தலையணையை வைத்தே ராஜா ராணி ஆனார்கள். நம்ம வீட்டு காலண்டர் படத்தை வைத்து பிள்ளைகளும் இதை செய்யலாம்.

வானத்தில் ஒரு வண்டி: இதற்கு டேட்டாவே வேண்டாம். பூமியில் இருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கிறது. 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியை சுற்றி விடும். விடியும் முன்பும், இருட்டிய பிறகும் சில நாட்களில் நம்ம தலைக்கு மேல் போகும். மொட்டை மாடியில் நின்றால், மினுக்காமல் நகரும் பெரிய நட்சத்திரம் போல வெறும் கண்ணுக்கே தெரியும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சேவையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 340 நாள் இருந்தவர் ஸ்காட் கெல்லி என்ற அமெரிக்கர். கொரோனா காலத்தில் அவர் சொன்ன யோசனை சிம்பிள். ஒரு டைம் டேபிள் போடு, தூங்கும் நேரத்தை மாற்றாதே, ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள், டைரி எழுது என்பதுதான். வருஷம் முழுக்க டப்பாவுக்குள் இருந்தவரே சொல்லும்போது, 14 நாள் நமக்கு முடியாதா?

ஒரே போன் இருக்கிற வீடு

போனும் இல்லை, டேட்டாவும் தீர்ந்தது என்றால் டி.வி. இருக்கிறது. 2020 மார்ச் 28-ந்தேதி முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணம் தொடரை மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 16-ந்தேதி ஒளிபரப்பை மட்டும் 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்ததாக தூர்தர்ஷன் அறிவித்தது. தமிழில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்து அம்மாக்களை டி.வி. முன்பு உட்கார வைத்தது.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி, பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளுக்கு பாடம் நடத்தியது. ஆன்லைன் கிளாசுக்கு அண்ணனும் தங்கையும் ஒரே போனுக்கு அடித்துக்கொண்ட வீடுகளில் கை கொடுத்தது இதுதான்.

போன் ஒன்றுதான் என்றால் நேரத்தை பிரித்து கொடுப்பது நல்லது. காலையில் படிக்கிற பிள்ளைக்கு, மதியம் அம்மாவுக்கு, மாலையில் ஊருக்கு பேச, இரவில் அப்பாவுக்கு. சுவரில் எழுதி ஒட்டினால் சண்டை குறையும்.

காபி கலக்கியது யாரு?

ஊரடங்கில் உலகம் முழுக்க கலக்கியது 'டல்கோனா காபி'. தென்கொரியாவில் இருந்து கிளம்பிய டிரெண்ட் இது. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, சுடுதண்ணீர் மூன்றும் சம அளவு. 2 ஸ்பூன் வீதம் எடுத்து, நுரை கெட்டியாகும் வரை அடிக்க வேண்டும். பிறகு பால் மேலே போட வேண்டும். மிஷின் இல்லாமல் கையால் அடித்தால் தோள்பட்டை கழன்று விடும். நேரம் போவது மட்டும் நிச்சயம்.

சமையல் வீடியோ பார்ப்பதும் அப்போது ரொம்ப கூடியது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்த நேரத்தில் முதல்-அமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு ரூ.10 லட்சமும் கொடுத்தனர்.

ஆனால் இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் லீவு என்றால் அம்மாவுக்கு டபுள் ஷிப்டு. மூணு வேளை சாப்பாடு, நடுவில் டீ, பலகாரம், பாத்திரம், துணி. ஆம்பளைங்க தாயம் ஆட, பொம்பளைங்க அடுப்படியில் நின்றால் அது பொழுதுபோக்கு அல்ல. காபியை அடித்தவரே டம்ளரையும் கழுவ வேண்டும். ஆட்டத்தில் தோற்றவர் பாத்திரம் விளக்க வேண்டும் என்று விதி வைத்துப்பாருங்கள். ஆட்டம் சூடு பிடிக்கும், அம்மாவும் ஆட்டத்துக்கு வருவார்.

மனசு பாரமானா...

விளையாட்டு, டி.வி., செல்போன் எல்லாம் ஓரளவுக்குத்தான். தூக்கம் வரவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருது, யார் மேலாவது எரிந்து விழத்தோணுது என்றால் அது பலவீனம் அல்ல. வெளியூரில் தனி ரூமில் இருக்கும் வாலிபர்களுக்கு இது கூடுதலாக வரும். தினமும் ஒரு தடவை வீட்டுக்கு வீடியோ கால் பேசுவதும், பக்கத்து ரூமில் தனியாக கிடப்பவரிடம் 'சாப்பிட்டாச்சா அண்ணா?' என்று வாசலில் நின்று கேட்பதும் பெரிய மருந்து.

இந்த நம்பர்களை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

* மருத்துவ ஆலோசனை, மன ஆறுதலுக்கு - 104
* மனநல ஆலோசனை (டெலிமானஸ்) - 14416
* பெண்கள் உதவிக்கு - 181
* குழந்தைகள் உதவிக்கு - 1098
* ஆன்லைன் பண மோசடி புகாருக்கு - 1930
* ஆம்புலன்சுக்கு - 108

காய்ச்சல் இறங்கும், அம்மை இறங்கும், 14 நாளும் முடியும். அதுவரை ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும், பேச்சு துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் போதும்.